குப்பையைத் திருப்பி அனுப்பியவர்

என்னை வேண்டாம் என்று சொன்னவர்கள் நிறையப் பேர் உண்டு. பிளஸ் டூவில் கணக்குப் பாடம் இரண்டு முறை சொன்னது. பெரம்பூரில் ஒரு ரயில்வே குடும்பம், பெண் பார்க்கப் போன நான் தட்டில் இருந்த பஜ்ஜி முழுவதையும் தின்று முடிக்கும்வரை காத்திருந்து, பிறகு சொன்னது. இதெல்லாம் எல்லாருக்கும் நடப்பதுதான். ஆனால் என் வீட்டுக் குப்பையை வேண்டாம் என்று சொன்னவர் இந்த உலகத்தில் ஒரே ஒருவர்தான்.

அவர் பக்கெட்டை வாங்கி, ஒரு நீளக் குச்சியால் கிளறிப் பார்த்து, ஒரு மஞ்சள் சீட்டை எழுதிக் கைப்பிடியில் கட்டி, என்னிடமே திருப்பிக் கொடுத்தார். சீட்டில் ‘ரீவொர்க்’ என்று இருந்தது. கீழே காரணம்: ‘டீத்தூளில் தண்ணீர் அதிகம். பூண்டுத் தோலோடு ரப்பர் பேண்ட்.’ அதற்குக் கீழே கையெழுத்து, தேதி, நேரம். நான் குப்பையோடு வீட்டுக்குத் திரும்பி நடந்தேன். குப்பையைக் கொட்டப் போகிறவனை யாரும் பார்ப்பதில்லை. குப்பையோடு திரும்பி வருகிறவனைத் தெருவே வாசலுக்கு வந்து பார்க்கிறது.

அவர் பெயரை நான் எழுதப்போவதில்லை. எழுதினால் எங்கிருந்தாவது இந்தக் கட்டுரையை வாங்கிப் படித்து, ஒரு சீட்டைக் கட்டி அனுப்பிவிடுவார்.

காலடிப்பேட்டையில் எங்கள் தெரு ஒரு கம்பெனியின் பின்மதிலில் போய் முட்டி நிற்கும். பைப்புகளுக்கு வால்வு செய்த கம்பெனி. தொண்ணூறுகளின் கடைசியில் மூடிவிட்டார்கள். மூடிய பிறகு, மதிலை ஒட்டியிருந்த காலி இடத்தில் லாரிகள் வந்து நாலைந்து வார்டு குப்பையைக் கொட்டத் தொடங்கின. கொட்டியதை யாராவது கொளுத்துவார்கள். அது வாரக்கணக்கில் புகையும். அந்த இடத்துக்கு அடுத்த வீடு தனம் அக்காவுடையது. மார்க்கெட்டில் மீன் விற்கிறவள். அவளுடைய ஒன்பது வயது மகளுக்கு இழுப்பு. புகை வரும் நாட்களில் அந்தப் பெண் உட்கார்ந்தபடியேதான் தூங்கும்.

ஒருநாள் தனம் அக்கா மீன் கூடையை லாரியின் முன்சக்கரத்துக்கு அடியில் வைத்துவிட்டு, கூடைக்குப் பக்கத்தில் தானும் உட்கார்ந்துகொண்டாள். டிரைவர் இறங்கி ஓடினான். பேச்சுவார்த்தை நடந்தது. முடிவில் நகராட்சியிலிருந்து ஒரு வாக்கு கிடைத்தது. லாரிகளை ஓர் ஆண்டுக்கு நிறுத்தி வைப்பார்கள். அதற்குள் தெருக்காரர்களே தங்கள் குப்பையை உரமாக்கிக் காட்ட வேண்டும். உரம் நன்றாக இருந்தால் அந்த இடம் தோட்டம் போடுவதற்குத் தெருவுக்கே வந்துவிடும். இல்லையென்றால் லாரி மறுபடி வரும்.

உடனே தெரு நலச் சங்கம் ஒன்று ஆரம்பிக்கப்பட்டது. என்னைச் செயலாளர் ஆக்கினார்கள். என்னுடைய தலைமைப் பண்பு காரணமில்லை. நான் மார்க்கெட் ரோட்டில் ஜெராக்ஸும் எஸ்.டி.டி. பூத்தும் வைத்திருந்தேன். என்னிடம் ஸ்டாம்ப் பேடு இருந்தது.

ஊருக்குத் தெற்கிலிருந்து, தொண்டு நிறுவனம் ஒன்றின் சார்பில், ஜோல்னாப்பை மாட்டிய ஒரு பெண் வந்தாள். மக்குவது எது, மக்காதது எது, குழி எவ்வளவு ஆழம், மண்புழு என்ன செய்யும் என்று படம் வரைந்து காட்டினாள். கூட்டத்தின் கடைசி வரிசையில், காக்கிச் சட்டைப் பையில் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மூன்று பேனா செருகிக்கொண்டு, அந்த வால்வு கம்பெனி மூடியபோது வேலை போன மனிதர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். அறுபது வயது இருக்கும். எல்லாம் முடிந்து டீ வந்த நேரத்தில் எழுந்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“இன்ஸ்பெக்‌ஷன் யாரு?”

குப்பைக்கு எதற்கு இன்ஸ்பெக்‌ஷன் என்று அந்தப் பெண்ணுக்குப் புரியவில்லை. எனக்கும் புரியவில்லை. செயலாளர் என்ற முறையில், புரிந்தது போல ஒருமுறை தலையை ஆட்டினேன். என் தலையாட்டலை அவர் நியமன உத்தரவாக எடுத்துக்கொண்டார் என்பது மறுநாள் காலையில்தான் தெரிந்தது. காலி இடத்தின் வாசலில் ஒரு மேசை, ஒரு ஸ்டூல், ஒரு நோட்டு, மூன்று நிறத்தில் துளை போட்டு நூல் கோத்த சீட்டுக் கட்டுகள். பச்சை என்றால் உள்ளே போகலாம். மஞ்சள் என்றால் வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சரிசெய்து கொண்டு வர வேண்டும். சிவப்பு என்றால் ரிஜெக்ட்.

கம்பெனியில் முப்பது வருடம் அவருக்கு அதுதான் வேலை. அவரிடம் ஒரு கேஜ் இருந்ததாம். கைப்பிடி போட்ட இரும்புத் துண்டு. ஒரு முனை வால்வின் துளைக்குள் போக வேண்டும், மறுமுனை போகக் கூடாது. முதல் முனை போகாவிட்டாலும் ரிஜெக்ட், இரண்டாம் முனை போய்விட்டாலும் ரிஜெக்ட். இதை எனக்கு மூன்று முறை விளக்கினார். முதல் முறை புரிந்தது. இரண்டாம் முறை சந்தேகம் வந்தது. மூன்றாம் முறை, ‘போகாதது போனால் ஏன் தப்பு’ என்று கேட்டுவிட்டேன். என்னை ரொம்ப நேரம் பார்த்தார். எனக்கு மஞ்சளா சிவப்பா என்று யோசித்திருப்பார் என்று நினைக்கிறேன்.

நல்லது கெட்டது என்ற இரண்டு சொற்களையும் அவர் வாயால் நான் கேட்டதில்லை. டீக்கடையில் ஒருநாள் கிளாஸைத் திருப்பி வைத்துவிட்டார். டீ மாஸ்டருக்கு முகம் சுருங்கியது. அன்றைக்குத்தான் புதுப் பால்காரரிடம் வாங்கிய கெட்டிப் பால். டீ உண்மையிலேயே அருமையாக இருந்தது, நானே இரண்டு குடித்திருந்தேன்.

“நேத்து மாதிரி இல்லப்பா” என்றார் அவர். “நல்லாகீதா இல்லியான்னு நான் கேக்கல.”

மாஸ்டர் மறுநாள் பழைய மாதிரியே தண்ணீராகப் போட்டுக் கொடுத்தார். அதையும் திருப்பி வைத்தார். இப்போது நேற்றைய கெட்டி டீ மாதிரி இல்லையாம். மாஸ்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “செகரட்டரி, இவருக்கு இன்னாதான் வேணும்?” என்று கேட்டார். எனக்குத் தெரிந்தால் நான் ஏன் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன்.

வியாசர்பாடியில் நடந்த ஒரு கல்யாணத்தில் எதிர்வரிசையில் அவர் உட்கார்ந்திருந்தார். பிரியாணியின் முதல் கவளத்தை எடுத்து வாயில் வைத்தார். எங்கள் தெருக்காரர்கள் அத்தனை பேரும் பிசைந்த கையை இலையிலேயே நிறுத்திக்கொண்டு அவர் தாடையைப் பார்த்தார்கள். அவர் மென்று விழுங்கித் தலையசைத்த பிறகுதான் வரிசை சாப்பிடத் தொடங்கியது. சமையல்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டதை நான் பார்த்தேன். வெங்காயமாகவும் இருக்கலாம்.

இப்படிப்பட்டவர் கையில் ஒரு தெருவின் குப்பை கிடைத்தால் என்ன ஆகும். முதல் மாதம் சண்டை. இரண்டாம் மாதம் பயம். மூன்றாம் மாதம் போட்டி வந்துவிட்டது. யாருக்குப் பச்சைச் சீட்டு அதிகம் என்று பெண்கள் ஜன்னல் கம்பியில் சீட்டுகளைக் கோத்துத் தொங்கவிட்டார்கள். அவரிடம் மூன்று அங்குல இரும்பு வளையம் ஒன்று இருந்தது. அதற்குள் நுழையாத எதுவும் குழிக்குப் போகக் கூடாது. அதனால் குழம்புக்கு நறுக்குவதைவிடப் பொடியாகத் தோலை நறுக்கினார்கள். ஒருநாள் காலை என் மனைவி குழாயடியில் வாழைப்பழத் தோலைக் கழுவிக்கொண்டிருந்தாள். எதற்கு என்று கேட்டேன். “எதிர்வூட்டுக்காரி கழுவித்தான் போட்றா” என்றாள். குப்பையைக் கழுவிக் குப்பையில் போட்ட தெரு, வடசென்னையில் எங்களுடையது மட்டும்தான் என்று நினைக்கிறேன். பிறகு, தண்ணீர் அதிகம் என்று அந்தத் தோலுக்கும் மஞ்சள் சீட்டு வந்தது.

சண்டையை விடாமல் நடத்தியது தனம் அக்கா மட்டும்தான். அவள் வீட்டில் சேருவது எல்லாம் மீன் செதிலும் குடலும். அதற்குத் தினம் சிவப்புச் சீட்டு.

“இன்னா நைனா, ஊரே என் மீனை வாங்கித் துன்னுது. துன்றதுக்கு நல்லாகீது, குப்பைக்கு மட்டும் நல்லால்லியா? கலீஜுல இன்னா ஒசந்த கலீஜு, தாழ்ந்த கலீஜு?”

அவர் மறுநாள் ஓரமாகத் தனிக்குழி ஒன்று வெட்டினார். மரத்தூள் ஒரு வரிசை, மீன் கழிவு ஒரு வரிசை என்று மூடி, மூன்று மாதம் தினமும் காலையில் குச்சியை விட்டு எடுத்து முகர்ந்து பார்த்தார். மூன்று மாதம் கழித்துப் பச்சைச் சீட்டு. தனம் அக்கா அதைக் கொண்டுபோய் மீன் கூடையில் கட்டிக்கொண்டாள். “கம்பெனி இன்ஸ்பெக்டர் பாஸ் பண்ண மீனு” என்று மார்க்கெட்டில் கூவி விற்றாள். அதைக் கேட்டு அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். ஒரு மாதிரி வாயை மூடிக்கொண்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். அது சிரிப்பா இல்லையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

நடுவில் ஒரு விஷயம் நடந்தது. தொண்டு நிறுவனத்துப் பெண் ஒரு பெட்டி நிறைய மண்புழு கொண்டுவந்து பெரிய குழியில் விட்டாள். நாலாம் நாள் காலையில் தனம் அக்கா கூப்பிட்டாள் என்று எல்லாரும் ஓடினோம். புழுக்கள் குழியை விட்டு வெளியேறி, கம்பெனி மதிலில் மேலே ஏறிக்கொண்டிருந்தன. அவ்வளவு உறுதியோடு எதையும் நான் அதுவரை பார்த்ததில்லை. சூடு அதிகமாகியிருக்கும் என்றாள் அந்தப் பெண். இவர் கண்டிப்பு தாங்காமல் ராஜினாமா செய்துவிட்டன என்றது தெரு. நான் அந்த நகைச்சுவையை எனக்கே சொந்தம் போல ஒரு வாரம் கடையில் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் மட்டும் நோட்டில் எழுதினார்: ‘புழு ஆப்சென்ட். காரணம்:’ அதற்குப் பிறகு ஒன்றும் எழுதவில்லை. அவர் நோட்டில் காலியாக இருந்த ஒரே இடம் அதுதான்.

புழு இல்லாமலேயே குழிகள் மக்கின. முதல் குழியைத் திறந்தபோது உரம் காப்பித்தூள் மாதிரி கறுப்பாக, உதிரியாக இருந்தது. எந்த நாற்றமும் இல்லை. அவர் சலித்து, கையில் உருட்டி, முகர்ந்து, பச்சைச் சீட்டு கட்டினார். வீட்டுக்கு ஒரு பை கொடுத்தார். தெருவே தொட்டி வைத்தது. எங்கள் மொட்டைமாடியில் தண்டுக்கீரை வந்தது. இரண்டு முறை பொரியல் செய்தோம். நான் நகராட்சிக்கு ஒரு கடிதம் எழுதி, அதில் ‘எமது தெருவின் உரம் முதல் தரமானது’ என்று போட்டு, முத்திரையைக் கொஞ்சம் அழுத்தியே குத்தினேன். பார்வையிட அதிகாரி வரும் தேதி குறிக்கப்பட்டது.

அந்தத் தேதிக்குப் பத்து நாள் முன்னால் அவர் வீடு வீடாக வரத் தொடங்கினார். கொடுத்த உரம் திரும்ப வேண்டும் என்றார். தொட்டியில் போட்டிருந்தால் தொட்டியோடு வேண்டும். என் மனைவியிடம் கீரையை எத்தனை முறை சாப்பிட்டோம் என்று கேட்டு எழுதிக்கொண்டார். யார் எவ்வளவு என்பதையும் கேட்டாராம். சாயங்காலம் அவள் என்னிடம், “நாம துன்ன கீரையை அவரு இன்னாத்துக்கு எழுதிகினு போறாரு?” என்று கேட்டாள். அதிகாரி வரும்போது பரிசு கொடுப்பார்களாக இருக்கும் என்றேன். அவளும் சந்தோஷமாகத் தெருவில் போய்ச் சொல்லிவிட்டாள். அதைக் கேட்டு, கீரையே போடாத வீட்டுக்காரர்கள்கூட நாங்களும் சாப்பிட்டோம் என்று அவரிடம் போய் எழுதிக் கொடுத்தார்கள்.

தனம் அக்கா மட்டும் பரிசுக் கதையை நம்பவில்லை. அவள் என் கடைக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

“செகரட்டரி, நைனா மூஞ்சி சரியில்ல. பாஸ் பண்ணிட்டு திருப்பி வாங்கறாருன்னா ஏதோ கீது. நீ போய்ப் பேசு. என் பொண்ணு இந்த ஒரு வருசமாதான் காலை நீட்டித் தூங்குது.”

நான் போனேன். அவர் மாடியில் இருந்தார். கைப்பிடிச் சுவர் மேல் பத்துக் கொட்டாங்கச்சிகள். ஐந்தில் வெந்தயம் பச்சையாக நிமிர்ந்து நின்றது. மற்ற ஐந்தில் முளைகள் மஞ்சளடித்து, நுனி கருகி, சுருண்டு கிடந்தன.

“அது பொன்னேரி மண்ணு” என்றார். “இது நம்ம மாலு, குழி உரம்.”

வெயில் காரணமாக இருக்கும் என்றேன். இரண்டும் ஒரே சுவரில்தான் இருக்கிறது என்றார். தண்ணீர் என்றேன். ஒரே குடம் என்றார். விதை என்றேன். ஒரே பொட்டலம் என்றார். எனக்குத் தெரிந்த விவசாயம் அத்தோடு தீர்ந்துவிட்டது.

அவர் மதில் பக்கம் கையைக் காட்டினார். “வால்வை ஆசிட்ல முக்கி எடுப்பாங்க. அந்தத் தண்ணி போறதுக்கு ஒரு பைப்பு இருந்துச்சு. செவுத்துக்கு அந்தாண்ட போவும். முப்பது வருசம் உள்ள வர்ற இரும்பை பாத்தேன், வெளிய போற வால்வை பாத்தேன். பைப்புல இன்னா போவுதுன்னு பாக்கச் சொல்லி எனக்கு யாரும் சொல்லல. நானும் கேக்கல. அந்த அந்தாண்டதான் தம்பி நம்ம இடம். புழுவுக்குத் தெரிஞ்சுக்கீது. நான் பச்சைச் சீட்டு கட்டி ஊட்டு ஊட்டுக்கும் குடுத்துகீறேன்.”

எனக்கு அந்த நேரத்தில் இரண்டு முறை சாப்பிட்ட கீரைதான் ஞாபகம் வந்தது. வயிற்றைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். பிறகு வந்த வேலை ஞாபகம் வந்தது. சிவப்புச் சீட்டு போட்டால் லாரி வரும், தனம் அக்காவின் மகள் மறுபடி உட்கார்ந்து தூங்க வேண்டும் என்றேன். ஒரே ஒரு நாள், அதிகாரி வந்துபோகும் வரைக்கும் மஞ்சளாவது போடக் கூடாதா என்று கெஞ்சினேன்.

அவர் அதை உண்மையாகவே யோசித்தார். ஸ்டூலில் உட்கார்ந்து, மஞ்சள் பேனாவை எடுத்து மூடியைக் கழற்றி, மறுபடி மூடினார்.

“மஞ்சள்னா ரீவொர்க். தோலைக் கழுவச் சொல்லலாம். மண்ணை எப்டிப்பா கழுவுவ?” பேனாவைப் பையில் செருகிக்கொண்டு சொன்னார்: “பாஸ் பண்ணா அந்தப் பொண்ணு இந்த மண்ணுல விளையாடும். பாஸ் பண்ணலன்னா பொகையக் குடிக்கும். இப்டி ஒரு பீஸு எனக்கு வந்ததே இல்ல தம்பி.”

கீழே இறங்கி வந்தபோது தனம் அக்கா படிக்கட்டிலேயே நின்றிருந்தாள். என்ன சொன்னார் என்று கேட்டாள். யோசிக்கிறார் என்றேன். அது பொய்யில்லை.

பார்வையிடும் நாள் காலையில் அவர் என் கடைக்கு வந்தார். கையால் எழுதிய ஒரு தாளைக் கொடுத்து மூன்று பிரதி கேட்டார். நான் தாளைக் குப்புற வைத்து, மூன்று பிரதி எடுத்து, குப்புறவே கொடுத்தேன். படித்திருந்தால் தடுத்திருக்க வேண்டும், அல்லது தடுக்காமல் இருந்திருக்க வேண்டும். இரண்டில் எதையும் செய்ய எனக்குத் தெம்பு இல்லை. ஜெராக்ஸ்காரன் படிக்கக் கூடாது என்பது தொழில் தர்மம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அப்படி ஒரு தர்மத்தை அன்றைக்குத்தான் கண்டுபிடித்தேன்.

ஷாமியானா போட்டிருந்தோம். பிளாஸ்டிக் நாற்காலிகள். தாம்பாளத்தில் உரத்தைக் குவித்து, உச்சியில் ஒரு சாமந்திப் பூ வைத்தது என் யோசனை. அதிகாரி வந்தார், நல்ல மனிதர். ஒரு கை உரத்தை எடுத்து முகர்ந்து, பிரமாதம் என்றார். தெரு கைதட்டியது. அப்போது அவர் தன் இன்ஸ்பெக்‌ஷன் மேசையிலிருந்து எழுந்து வந்து, தாம்பாளத்தின் விளிம்பில் சிவப்புச் சீட்டைக் கட்டினார். அதிகாரி அதை ஏதோ மரியாதை என்று நினைத்துக்கொண்டு, தாம்பாளத்தைத் தூக்கிப் பிடித்துப் புகைப்படத்துக்குச் சிரித்தார். அந்தப் படம் இன்னும் என்னிடம் இருக்கிறது. ரிஜெக்ட் என்ற எழுத்துகூடத் தெளிவாகத் தெரியும்.

பிறகு அவர் தாளைக் கொடுத்தார். அதிகாரி படிக்கப் படிக்க அந்தச் சிரிப்பு படிப்படியாக உள்ளே போனது.

“உங்க உரத்தை நீங்களே வேணாம்னு சொல்றீங்களா? அப்ப லாரிய வரச் சொல்லிடலாமா?”

“இல்ல சார். உரம் மட்டும் இல்ல, கீழ கீற மண்ணே சரியில்ல. அதும் மேல குப்பையக் கொட்னா மழைத்தண்ணி எறங்கி ஊருக் கெணத்துக்குப் போவும். தோட்டமும் போடக் கூடாது, குப்பையும் கொட்டக் கூடாது. மொதல்ல மண்ணை டெஸ்டு பண்ணணும். அதுவரைக்கும் அப்டியே நிறுத்தி வெய்ங்க.”

“நீங்க யாரு?”

“இன்ஸ்பெக்‌ஷன்” என்றார் அவர்.

அதிகாரி செயலாளர் பக்கம் திரும்பினார். செயலாளர் யார் என்று நானும் ஒருமுறை சுற்றிப் பார்த்தேன். பிறகு எழுந்து, இது சங்கத்தின் கருத்து இல்லை என்றும், ஆனால் இதைத் தவறு என்று சங்கம் சொல்லவில்லை என்றும், சங்கத்தின் கருத்து என்ன என்பதைச் சங்கம் பின்னர் தெரிவிக்கும் என்றும் சொல்லி உட்கார்ந்தேன். தொண்டு நிறுவனத்துப் பெண் முகத்தைக் கையால் மூடிக்கொண்டாள். தெருக்காரர்கள் கைதட்டுவதா வேண்டாமா என்று தெரியாமல் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பின்வரிசையில் ஒருவர் தட்டியே விட்டார்.

தனம் அக்கா கத்துவாள் என்று நினைத்தேன். அவள் மெதுவாக நடந்து அவருக்கு எதிரே வந்து நின்றாள்.

“நைனா, என் பொண்ணை நெனச்சியா?”

“அதைத்தாம்மா நெனச்சேன்.”

அவள் அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு தாம்பாளத்திலிருந்த சாமந்திப் பூவை எடுத்துத் தன் புடவையில் துடைத்து, அதை என்ன செய்வது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு வீட்டுக்குள் போய்விட்டாள்.

அதற்குப் பிறகு நடந்ததை வெற்றி என்பதா தோல்வி என்பதா என்று எனக்கு இன்றும் தெரியவில்லை. யாரோ வந்து கண்ணாடி ஜாடிகளில் மண் எடுத்துக்கொண்டு போனார்கள். அதன் முடிவு எங்களுக்கு வரவே இல்லை. எழுத்தில் ஒருவர் கேட்டுவிட்டதால், குப்பை கொட்டலாம் என்று கையெழுத்துப் போட யாருக்கும் துணிச்சல் இல்லை. தோட்டம் போடலாம் என்று கையெழுத்துப் போடவும் இல்லை. முள்கம்பி கட்டி, பூட்டுப் போட்டு, உள்ளே நுழையக் கூடாது என்று பலகை வைத்தார்கள். உள்ளே சீமைக்கருவேலம் மட்டும் யாரிடமும் சீட்டு வாங்காமல் வளர்ந்தது. லாரி வரவில்லை. புகையும் இல்லை. தனம் அக்காவின் மகள் காலை நீட்டித் தூங்கியது.

“தோட்டமும் இல்ல, லாரியும் இல்ல” என்றாள் தனம் அக்கா, என் கடையில் போன் பேச வந்த ஒருநாள். “இந்த ஆளைத் திட்றதா கும்புட்றதா, ஒண்ணியும் புரியல செகரட்டரி.” நானும் அதையே யோசித்துக்கொண்டிருப்பதாகச் சொன்னேன். அவள் அவரிடம் ஒரு மாதம் பேசாமல் இருந்தாள். பிறகு ஒரு நாள் நல்ல வஞ்சிரமாக எடுத்துப்போய் அவர் வீட்டு வாசலில் வைத்துவிட்டுத் திரும்பி வந்தாள்.

மேசையை மடித்து எடுத்துக்கொண்டு போன பிறகு அவர் வெளியே அதிகம் வரவில்லை. டீக்கடையில் கொடுத்ததைக் குடித்தார். மாஸ்டருக்கு அதுவும் பயமாக இருந்தது.

தெரு முனையில் நகராட்சி ஓர் இரும்புத் தொட்டியை வைத்தது. எல்லாக் குப்பைக்கும் ஒரே தொட்டி. முதல் நாள் காலையில் நான் கடை திறக்கப் போகும்போது அவர் அதற்கு முன்னால் நின்றிருந்தார். ஒரு கையில் மக்குகிற குப்பை, மறு கையில் மக்காத குப்பை. பொடியாக நறுக்கிய தோல்கள் ஒன்றில், கழுவிக் காய வைத்த பால் கவர்கள் மற்றதில். எவ்வளவு நேரமாக நிற்கிறார் என்று தெரியவில்லை. என்னைப் பார்த்ததும், பழகிய நாளிலிருந்து முதல் முறையாக என்னிடம் ஒரு சந்தேகம் கேட்டார்.

“இதுல எதைப் போடறது தம்பி?”

ஸ்டாம்ப் பேடு வைத்திருந்த காலத்தில்கூட யாரும் என்னிடம் இவ்வளவு நம்பிக்கையோடு கேட்டதில்லை. “ரெண்டையும்தான் சார்” என்றேன். வேறென்ன சொல்வது.

அவர் தொட்டிக்குள் எட்டிப் பார்த்தார். நிமிர்ந்து தெருவைப் பார்த்தார். தோல்களை இந்தப் பக்கத்திலிருந்து தொட்டிக்குள் கவிழ்த்தார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, சாக்கடையைத் தாண்டி, தொட்டியைச் சுற்றி அந்தப் பக்கம் போனார். மற்ற பக்கெட்டை அங்கிருந்து கவிழ்த்தார். இரண்டு பக்கெட்டுகளையும் ஒன்றுக்குள் ஒன்று போட்டுக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்கு நடந்தார்.

நான் உள்ளே எட்டிப் பார்த்தேன். எல்லாம் ஒன்றாகத்தான் கிடந்தது.

அதற்கு மறுநாள் நானும் இரண்டு பக்கெட்டோடு போனேன். ஏன் என்று கேட்காதீர்கள். ஒன்றை இந்தப் பக்கத்திலிருந்து போட்டுவிட்டு, மற்றதைத் தூக்கிக்கொண்டு சாக்கடையைத் தாண்டிச் சுற்றிப் போனேன். அந்தப் பக்கத்தில், எனக்கு முன்னால், தனம் அக்காவோடு சேர்த்து மூன்று பேர் வரிசையில் நின்றுகொண்டிருந்தார்கள்.